உறை

ஞாயிற்றுக்கிழமை, மியூஸ் ஆற்றங்கரைச் சந்தையில்
கோழிகளுக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே
பழைய இரும்பு விற்கிறவர்கள் என்னைக் கண்டதும்
சில சாமான்களைத் துணிபோட்டு மூடுவார்கள்.
லியேஜ் நகரில் என் பெயருக்கு அவ்வளவு மரியாதை.

திங்கள் காலை கடைக்கு வந்தார் மதாம் ஓடில் கிரெகுவார்.
நீலப் பிளாஸ்டிக் பையில்
ஒரு ரிவால்வர், அதன் தோலுறை, ஒரு கதை.

கதையை முதலில் எடுத்தார்; எல்லோரும் அப்படித்தான்.
கணவரின் கொள்ளுத்தாத்தா, பீரங்கிப்படை லெப்டினன்ட்,
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து,
சாம்பல் நிறக் குதிரை, நெற்றியில் தழும்பு.
தலையாட்டினேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

பிறகு பருத்திக் கையுறை, விளக்கு, பூதக்கண்ணாடி.
பக்கக் கதவைத் தள்ளி உருளையைச் சுழற்றினேன்:
ஆறு அறை, ஆறும் காலி.
சட்டத்தில் ஓர் எண், உருளையில் அதே எண்,
குதிரையின் விலாவில் மட்டும் வேறு எண்.
அடுத்த லாயத்திலிருந்து வந்த குதிரை.

சோதனைச்சாலையின் முட்டை வடிவ முத்திரை,
அதன் தலையில் அரிசி முனையளவு கிரீடம்.
"கிரீடம் தொண்ணூற்று மூன்றில்தான் வந்தது, மதாம்.
உங்கள் லெப்டினன்ட் எட்டு வருஷம் முந்திக்கொண்டார்."
அவர் சிரிக்கவில்லை.
கைப்பைக் கொக்கியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

உறையை முகர்ந்தேன்.
எண்ணெய், மெழுகு, பூட்டிய அலமாரி.
அதற்கும் அடியில்
அக்ரூட் தொலியின் பச்சைக் கசப்பு.

ஊதா விளக்கைப் பிடித்தேன்.
புது நூல் அந்த ஒளியில் பல்லிளிக்கும்.
இது வாயே திறக்கவில்லை.
பழைய லினன். ஒரு கன்னிமாடத்துப் படுக்கைவிரிப்பிலிருந்து
இழை இழையாக உருவியது.
உருவியவன் நான்.

எழுபத்தெட்டு, பனிக்காலம், வெர்வியே.
மூன்று மாத வாடகை பாக்கி.
யாருடையதோ பள்ளிப்பையை வெட்டினேன்,
அக்ரூட் சாயத்தில் ஊறப்போட்டேன்,
கோழி எச்சத்தில் ஆறு வாரம் புதைத்தேன்,
பித்தளைக் குமிழுக்கு வினிகரில் பச்சை ஏற்றினேன்.
நான் இடக்கையன். என் தையல் எதிர்ப்பக்கம் சாயும்,
மூலைக்கு மூலை ஒன்று கூடிப்போகும்.
இதோ மூலை.
இதோ அந்த ஒன்று.

நாலாயிரம் பிராங்க் எண்ணி வைத்தவன்
பேரம் பேசவில்லை. என் வயதுதான் இருக்கும்.
நெற்றியில் தழும்பு.

இப்போது உள்ளே விரலை விட்டேன்.
தைத்த நாளில் அந்தச் சுவர் வெறிச்சென்று இருந்தது.
இன்று உருளையின் வயிறு அங்கே பதிந்திருக்கிறது,
குறிமுனை கிழித்த ஒரே தடம்,
விளிம்பில் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து
வந்த பளபளப்பு. யாரும் அதைப் போலி செய்ய முடியாது.
நான் முயன்றிருக்கிறேன்.

"ஞாயிறு மதியம் எண்ணெய் போட உட்காருவார்" என்றார்.
"துப்பாக்கிக்கு ஐந்து நிமிஷம். இதற்கு ஒரு மணி நேரம்.
போன மார்ச்சில், கை நடுங்கியபோதுகூட."

சாயம் வெளுக்கும் என்பார்கள்.
இது வெளுக்கவில்லை.
நாற்பத்து சொச்சம் வருஷம் ஒருவன் கைச்சூட்டில்
கருத்துப்போய்க் கிடக்கிறது.

படிவத்தை இழுத்தேன்.
ரிவால்வர்: அசல், தொண்ணூற்று மூன்றுக்குப் பின். குதிரை மாற்றப்பட்டது.
தோலுறை:
இங்கே பேனா நின்றது. தெருவில் ஒரு லாரி
பின்னோக்கி வந்து, அதன் பீப் ஓயும்வரை நின்றது.
வெர்வியே, 1978. லினன் நூல். இடக்கைத் தையல்.

தழும்பைப் பற்றி எழுதக் கட்டம் இல்லை.

அவர் படித்தார், இரண்டு தரம்.
பிறகு பேனா பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.
நான் கையை மறைக்கவில்லை;
மறைக்க எண்ணியது உண்மை.

"எவ்வளவு தரவேண்டும்?"
"ஒன்றுமில்லை."
"அது எப்படி" என்று மேஜையில் இருபது யூரோ வைத்தார்,
ரிவால்வரை எடுத்து உறைக்குள் இறக்கினார்.

எங்கும் சிக்காமல் இறங்கியது.